முப்பத்தேழு முகங்கள்

அந்த ஏட்டில் நாற்பது பேர் சண்டை போடுகிறார்கள். அவர்களில் முப்பத்தேழு பேருக்கு முகம் இல்லை. எப்போதோ யாரோ கத்தி முனையால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஐந்நூறு வருடங்களுக்கு முன் பாரசீகத்து ஷிராஸ் நகரத்துப் பட்டறை ஒன்றில் தீட்டிய போர்க்களம் அது. பொன்னிற வானம், ஊதா நிறக் குன்று, குன்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து வாயில் விரல் வைத்து வியக்கும் வீரர்கள், கவசம் பூட்டிய குதிரைகள், இரண்டாகப் பிளந்த ஒரு தலைக்கவசம். எங்கேயும் நிழல் கிடையாது. வெள்ளிப் பூச்சில் தீட்டிய வாள்கள் காலப்போக்கில் கறுத்துப் போயிருந்தன. முகம் தப்பிய மூன்று பேரும் பிணங்கள். குதிரைக் காலடியில் இருவர், வெட்டுண்ட தலையாக ஒருவர். மூவர் முகத்திலும் அப்படியோர் அமைதி. பாரசீக ஓவியத்தில் வெட்டுகிறவனுக்கும் கோபம் இராது, வெட்டுப்படுகிறவனுக்கும் வலி இராது.

நான் குழல்மொழி. சென்னையில் ஒரு சுவடிக் காப்பகத்தில் சீரமைப்புப் பிரிவின் தலைவி. வயது நாற்பத்தாறு. முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், இது என் பொறாமையைப் பற்றிய கதை. அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

என் பொறாமைக்குப் பெயர் ஜெய்புன்னிசா. மேல்விஷாரத்துக்காரி. ஓவியக் கல்லூரியில் என் பக்கத்து இருக்கை, இப்போது காப்பகத்தில் பக்கத்து மேசை. நான் ஒரு மாதம் மாய்ந்து மாய்ந்து வரைந்ததை அவள் பஸ்ஸில் வரும்போது முடித்துவிடுவாள். முதல் பரிசு அவளுக்கு, இரண்டாவது எனக்கு. பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து என் பையில் திணித்து, "நீயே வச்சுக்கோடி, எங்க வீட்ல எடமில்ல" என்பாள். கிண்டலுக்குச் சொன்னால்கூடப் பொறுத்திருப்பேன். மனதாரச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுரண்டிய முகங்களைத் திரும்ப வரைவதற்காக ஒரு கருவி வந்தது. அதோடு டைட்டஸ் வந்தார். மார்த்தாண்டத்துப் பொறியாளர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

"ஒரு கோட்டுல என்னெல்லாம் இருக்கு தெரியுமா மேடம்? கை எங்க அழுத்திச்சு, எங்க வேகமாப் போச்சு, எங்க தயங்கி நின்னுச்சு, எல்லாம் சாயத்துல அப்படியே காஞ்சு கெடக்கு. மெஷின் அதப் படிச்சுக் கையசைவா மாத்தும். இந்தக் கையுறையப் போட்டுக்கிட்டா, அந்த அசைவ உங்க கைக்குச் சொல்லிக் குடுக்கும்."

"மெஷினே வரைஞ்சுட்டுப் போகட்டுமே" என்றேன்.

"மெஷின் இருக்கற மொகத்த நகல் எடுக்கும், அவ்வளவுதான். இல்லாத மொகத்த வரையணும்னா அந்தக் கையே வேணும். உசுருள்ள ஒரு கை அதப் பழகணும்."

"பழகின பெறகு?" என்று ஜெய்பு கேட்டாள்.

"அதுதான் கொஞ்சம் சிக்கல். புதுசு உள்ள வரவர பழசு வெளிய போகும். பாத்துப் பாத்துத்தான் போடணும்."

முகம் யார் வரைந்தது, உடல் யார் வரைந்தது என்பதை நான்தான் அவருக்கு விளக்கினேன். பட்டறையில் ஒருவர் கோட்டுருவம் போடுவார். இன்னொருவர் குதிரை, கவசம், வாள், இரத்தம் என்று மாதக்கணக்கில் தீட்டுவார். முகங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். எல்லாம் முடிந்தபின் தலைமை ஓவியர் வந்து உட்கார்ந்து முகங்களை வரைவார். ஏட்டின் அடியில் தன் பெயரை எழுதுவார். அந்த மூன்று பிணங்களின் முகத்திலிருந்தும், சுரண்டியும் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சச் சாயத்திலிருந்தும் டைட்டஸின் கருவி அந்தத் தலைமை ஓவியரின் கையைப் படித்து எடுத்தது.

உறையை முதலில் நான் போட்டேன். பிரிவின் தலைவி நான்தானே. அது என் கையை ஒரு பக்கம் இழுத்தது, நான் அதை இன்னொரு பக்கம் இழுத்தேன். தாளில் கோழி கிளறியது போல ஏதோ விழுந்தது. பொருத்தம், நூற்றுக்கு முப்பத்துநாலு. அடுத்து ஜெய்பு போட்டாள். கையைத் தளர்த்தி, சன்னலைப் பார்த்துக்கொண்டு, ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். தாளில் ஒரு கண் மலர்ந்தது. தொண்ணூற்றொன்று.

"பத்துப் பொருத்தமும் இருக்குடி எனக்கும் அந்தக் கெழவருக்கும்!" என்று என் தோளில் தட்டினாள். டைட்டஸ் கைதட்டினார். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டினேன்.

மூல ஏட்டில் யாரும் தூரிகை வைக்கக் கூடாது. அதன் மேல் வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாளை விரித்து அதில்தான் ஜெய்பு வரைய வேண்டும். அதற்கு முன் திங்கட்கிழமைதோறும் ஒரு வெறுங்கைப் பரீட்சை உண்டு. உறை இல்லாமல், அவள் கைக்கு நன்கு பழக்கமான ஒன்றைப் பேனா மையில் வரைவாள். உறை போடுவதற்கு முன்னால் வரைந்த முதல் தாளோடு அதை ஒளிமேசையில் பொருத்திப் பார்த்து, நூறு கோடுகளில் எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ண வேண்டும்.

"எழுபதுக்குக் கீழ வந்தா ஒரு மாசம் உறையத் தொடவே கூடாது. கை தானாத் திரும்பிடும்" என்றார் டைட்டஸ். "அம்பதுக்குக் கீழ போச்சுன்னா தானாத் திரும்பாது. மெஷின் தன்னத்தானே அளக்கக் கூடாதுன்னு காப்பகக் குழுவுல சொல்லிட்டாங்க. மனுஷக் கண்ணு பாத்துப் பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். மேடம், அது நீங்கதான்."

"எதடி வரையப் போற?" என்று ஜெய்புவைக் கேட்டேன்.

"உன் மூஞ்சியத்தான். காலேஜ்லேர்ந்து வரைஞ்சு வரைஞ்சு, கண்ண மூடிட்டே வரும் எனக்கு."

முதல் தாளில் நான் நானாகவே இருந்தேன். இரட்டைத் தாடை, ஒரு பக்கம் தூக்கிய புருவம், எதையோ குறை சொல்லப்போகிற வாய். அதைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. இவ்வளவு சரியாக ஒருத்தி என்னைப் பார்த்திருக்கிறாளே என்று எரிச்சல்.

வேலை தொடங்கியது. என் பங்கு என்ன தெரியுமா? கத்திக் கீறல்களையும் தூரிகைக் கோடுகளையும் திரையில் தனித்தனியாகப் பிரித்துத் தருவது. கீறல் கலந்தால் உறை குழம்பும் என்று டைட்டஸ் சொல்லிவிட்டார். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தளபதிக்கு மீசை வைப்பாள். நான் அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்து கீறலைப் பொறுக்கி, 'குப்பை' என்று பெயரிட்ட கோப்பில் போடுவேன். காப்பக இயக்குநர் தினமும் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போவார். என் பக்கம் திரும்பி, "எல்லாம் ஒழுங்காப் போகுதில்ல குழல்மொழி?" என்பார். போகுது சார் என்பேன்.

இரண்டாம் வாரம் எண்பத்தெட்டு. மூன்றாம் வாரம் எழுபத்தொன்பது. தாளில் என் இரட்டைத் தாடை காணாமல் போயிருந்தது. நான்காம் வாரம் புருவம் இரண்டும் வில்லாக வளைந்தன. எண்ணிப் பார்த்தேன். அறுபத்தாறு.

நிறுத்த வேண்டும். டைட்டஸைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பதிவேட்டில் எழுபத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கண்காட்சித் தேதி அறிவித்தாயிற்று, இன்னும் பதினைந்து முகங்கள் பாக்கி, இப்போது நிறுத்தினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அது இல்லை. அவள் கை போகட்டும் என்று நினைத்தேன். ஒரு முறையாவது அவளும் தாளைப் பார்த்து, வரவில்லையே என்று விழிக்கட்டும் என்று நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் நினைத்தது அதுதான்.

ஐந்தாம் வாரம் ஜெய்புவே சந்தேகப்பட்டாள்.

"என்னடி, உன் மூக்கு வரவே மாட்டேங்குது. என் பொண்ணுகூட நேத்து என் கையெழுத்தப் பாத்துட்டு, இது யார் எழுதினதும்மான்னு கேக்கறா. எழுபதுக்கு மேலதானே இருக்கு?"

"எழுபத்துமூணு" என்றேன். உண்மையில் ஐம்பத்தேழு.

"நீ பாத்தா சரிதான்" என்று சொல்லிவிட்டு உறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த 'நீ பாத்தா சரிதான்' எனக்குக் குத்தவில்லை என்றால் பொய். குத்தியது. அப்படி நம்புவதற்குக்கூட ஒரு பெரிய மனசு வேண்டும், அதுவும் இவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஆறாம் வாரம் நாற்பத்துநாலு. எழுபத்தொன்று என்று எழுதினேன். தாளில் இருந்தவள் இருபது வயதுக்காரி. வட்ட நிலா முகம், மிளகு அளவு வாய், எதற்கும் கலங்காத நீளக் கண்கள். அழகாக இருக்கிறேனே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வாரம் ஒரு மதியம், ஜெய்புவும் டைட்டஸும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் குப்பைக் கோப்போடு உட்கார்ந்திருந்தேன். உறை மேசையில் கிடந்தது. என்னதான் ஆகும் பார்ப்போம் என்று, கீறல்களை உறையில் ஏற்றி மாட்டிக்கொண்டேன். கத்திக்குப் பதில் விரல்களுக்கிடையே ஒரு பென்சில், எதிரே முகங்களோடு அச்சிட்ட நகல்தாள் ஒன்று.

இந்த முறை அது என்னை இழுக்கவில்லை. நானும் அதை இழுக்கவில்லை. பென்சில் முனை போய் ஒரு முகத்தின் இடது கண்ணுக்குக் கீழே நின்றது. கொஞ்சம் காத்திருந்தது. பிறகு ஒரே வீச்சில் குறுக்கே போய், தலைக்கவசத்தின் விளிம்பில் மயிரிழை இடைவெளி விட்டு நின்றது. அடுத்த முகம். அதே காத்திருப்பு, அதே வீச்சு, கவசத்தின் மேல் ஒரு கீறல்கூட விழாத அதே கவனம். எனக்கு வியர்த்தது. ஆனால் கை சுகமாக இருந்தது. பல வருடம் பழகிய வேலையைச் செய்வது போல இருந்தது.

திரையில் பார்த்தேன். பொருத்தம், தொண்ணூற்றாறு.

உறையைக் கழற்றுவதற்குள் இருவரும் வந்துவிட்டார்கள். டைட்டஸ் திரையைப் பார்த்தார். ஜெய்புவும் பார்த்தாள்.

"அடியே! உனக்கும் ஒருத்தன் கெடச்சுட்டான்!" என்று சிரித்தாள்.

டைட்டஸ் சிரிக்கவில்லை. "இவ்வளவு சுத்தமா ஒரு கை இதுக்குள்ள இருக்குன்னு நான் நெனைக்கவே இல்ல மேடம். இருங்க" என்று அந்தக் கீறல் கையை ஏட்டில் இருந்த மற்ற எல்லாக் கைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. "வெளியாள் யாரும் சுரண்டல. குதிரையும் கவசமும் வரைஞ்ச ஆள்தான் சுரண்டியிருக்கான். அதே கை. தான் வரைஞ்ச கவசத்துல படாமப் பாத்துப் பாத்து, மொகத்த மட்டும் எடுத்திருக்கான்."

செத்தவர்களின் முகத்தை ஏன் விட்டுவைத்தான் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. செத்தவன் மேல் யாருக்கும் பொறாமை வராது.

ஜெய்பு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏட்டின் எதிரே உட்கார்ந்தாள். "பாவம்டி அவன்" என்றாள். "இத்தன குதிரையும் ஒத்தையா வரைஞ்சிருக்கான். கடைசியில ஒருத்தர் வந்து மொகத்த வச்சுட்டு, பேரையும் போட்டுக்கிட்டுப் போனா எரியாதா?"

"எரியும்" என்றேன்.

"யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தான்னா இவ்வளவு தூரம் போயிருக்காது."

அவள் அவனைப் பற்றித்தான் சொன்னாள். என்னைப் பற்றி அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஜெய்பு, பதிவேட்டுல இருக்கறது பொய். நாலாவது வாரத்துலேர்ந்து."

"எது?"

"உன் கை எழுபத்தொண்ணு இல்ல. நாப்பத்துநாலு."

டைட்டஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அம்பதுக்குக் கீழயா? என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க!"

ஜெய்பு பேனாவை எடுத்து, என்னை நிமிர்ந்து பார்த்து, வரையத் தொடங்கினாள். இரண்டு நிமிடம்தான் ஆனது. நிலா முகம் வந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு தாள் எடுத்தாள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கோடாக என்னைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். மறுபடியும் அதே நிலா முகம். மூன்றாவது தாளில் பேனா முனையை வைத்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே இருந்தாள். நான் பார்க்க ஆசைப்பட்டது இதுதான். பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"ஏன்டி?" என்றாள்.

"பொறாமை."

"யார் மேல?"

"உம்மேல."

அவள் நம்பவில்லை. முகத்தில் அப்படியொரு ஆச்சரியம். "எம்மேலயா? எப்பலேர்ந்து?"

"காலேஜ்லேர்ந்து."

டைட்டஸ் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். ஜெய்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் திரும்பினாள்.

"இதுக்கு வழியே இல்லையா டைட்டஸ்?"

"இருக்கு மேடம். அந்தக் கெழவரோட கைய எடுத்த மாதிரியே உங்க பழைய கையையும் எடுக்கலாம். மொத தாள் ஒண்ணு இருக்கு, அது அளக்கத்தான் ஆகும், பத்தாது. கொறஞ்சது பத்து பழைய படமாவது வேணும். அத உறையில ஏத்தி, உங்க கைய உங்களுக்கே திருப்பிச் சொல்லிக் குடுத்துடலாம். மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்."

ஜெய்பு மூச்சை விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா. பயந்தே போயிட்டேன். எங்க வீட்ல இருந்ததெல்லாம் வெள்ளத்துல போச்சு. ஆனா இவகிட்ட இருக்கு. வருஷா வருஷம் இவ பொறந்தநாளுக்கு இவளையே வரைஞ்சு குடுத்திருக்கேன். இருபத்துமூணு படம்." என் பக்கம் திரும்பினாள். "உன்ன அப்புறமா வச்சுக்கறேன். மொதல்ல நாளைக்கு அதெல்லாம் எடுத்துட்டு வா."



எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஏட்டில் கறை எடுக்கும் கரைசலைப் போடுவதற்கு முன், வேறு ஒரு நல்ல தாளைத் தொட்டியில் நனைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். மை எப்படிக் கரைகிறது, தாள் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு. ஜெய்பு தந்த படங்கள் எல்லாம் உயர்ந்த பருத்தித் தாளில், பேனா மையில் வரைந்தவை. ஒவ்வொரு புதுக் கரைசல் வரும்போதும் அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டேன். நல்ல தாள், வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, என்னை அவ்வளவு சரியாகக் காட்டிய அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போவதைக் கடைசிவரை பார்ப்பேன். இந்த வருடப் படத்தைப் பிப்ரவரியில் போட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்லையா?" என்றாள் ஜெய்பு.

"ஒண்ணுகூட இல்ல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். அவளும் இருபத்துமூன்று வருடம் இதே வேலை பார்த்தவள்தானே.

"மைதானே போச்சு. பேனா முனை அழுத்தின தடம் தாள்ல இருக்கும். டைட்டஸ், அதப் படிக்க முடியுமா?"

"தாராளமா! தடம் இருந்தாப் போதும் மேடம்."

"தாளையெல்லாம் வச்சிருக்கியா? தூக்கிப் போட்டுட்டியா?"

"வச்சிருக்கேன்" என்றேன்.

அவள் எழுந்து என் அருகில் வந்தாள். "கழுவினதுக்கப்புறம் பாரம் ஏத்தி அழுத்தினியா?"

நனைந்த தாள் காயும்போது சுருங்கும். ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே இரும்புப் பலகை ஏற்றினால்தான் மறுபடி சமமாகும். முதல் வருடத்திலேயே எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்லித் தந்த பாடம் அது.

"அழுத்தினேன்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு நாள். ஒரு மேடு பள்ளம் இல்லாம."

ஜெய்பு மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, அதன் மூடியைத் தேடிப் போட்டு மூடினாள்.

"ஒழுங்காத்தான் பண்ணியிருக்க" என்றாள்.